பெஸ்ஸியின் கதவு: உடப்புசல்லாவை வரை ஒரு பயணம்

1961 மார்கழியில் உடப்புசல்லாவைக்குப் போனேன். குளிரை அனுபவிக்க அல்ல. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் பெஸ்ஸி என்று ஒரு சிம்பன்சி இருந்தது. நாற்பது வயதை நெருங்கிய பெண் குரங்கு. அதன் புத்தியை நான் கெடுத்துவிட்டேனா என்று பார்க்கப் போனேன்.

எனக்கு வேலை பேராதனையில், பல்கலைக்கழகத்து விலங்கியல் பகுதியில். உதவியாளன். என் பேராசிரியருக்கு ஒரு கேள்வி இருந்தது. பெண்ணுக்கு வயதாகும்போது சூலகத்துச் சுரப்பு வற்றிப்போகிறது. ஹோர்மோன் என்கிறோமே, அது. அதோடு ஞாபகமும் வற்றுகிறதா? சுரப்பை ஊசியில் திருப்பிக் கொடுத்தால் ஞாபகமும் திரும்புமா? எலியிடம் இதைக் கேட்கலாம். ஆனால் எலி நமக்குத் தூரத்து உறவு. சிம்பன்சி அப்படியல்ல. விலங்கியல் அட்டவணையில் அது இருக்கும் வரிக்குப் பக்கத்து வரியில்தான் நாம் இருக்கிறோம்.

நொடிந்துபோன ஒரு சர்க்கஸிடமிருந்து குட்டியாக வாங்கப்பட்டதாம் பெஸ்ஸி. வாங்கிய தோட்டத்துத் தொரை செத்துவிட்டார். பின்னால் வந்த தொரைமார் பங்களாவோடு குரங்கையும் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். புரட்டாசியில் நான் முதல் தடவை போனபோது மூன்று தகரக் கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் வாழைப்பழத் துண்டை வைத்து, திரையால் மறைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் காட்டினேன். பழம் எதிலிருக்கிறது என்று பெஸ்ஸி விரலால் சுட்டிக் காட்ட வேண்டும். பெரும்பாலும் சரியாகக் காட்டியது. பிறகு முதல் ஊசியைப் போட்டேன். மீதியை வாரம் ஒன்றாகத் தோட்டத்து டிஸ்பென்சர் போட்டுவந்தார்.

மார்கழியில் தொரையிடமிருந்து தந்தி வந்தது. பெஸ்ஸி இரண்டு தடவை கூண்டைவிட்டு வெளியே வந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைந்துவிட்டது. கம்பால் விரட்டிய ஒருவரின் கையைக் கடித்துவிட்டது. உங்கள் ஊசியால் பைத்தியம். சனிக்கிழமை சுட்டுவிடுவேன். ஆள் அனுப்புவதானால் அதற்குள் அனுப்புங்கள். பேராசிரியர் தந்தியை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

புதன்கிழமை புறப்பட்டேன்.

பேராதனைச் சந்தியில் காலை ஒன்பது மணி வண்டி. அன்று முக்கால் மணி தாமதம். மூன்றாம் வகுப்பு. நாவலப்பிட்டி தாண்டினால் வண்டி மூச்சுவாங்கத் தொடங்கும். வலப்பக்கம் இடம் பிடித்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வலப்பக்கம்தான் இருந்தேன். என்ன தெரிந்தது என்று ஞாபகமில்லை. ஹட்டனில் கடலைவடை வாங்கினேன். கையில் வைத்திருந்தேன். நானுஓயா வந்தபோதும் கையில்தான் இருந்தது.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஐந்து மைல். அங்கிருந்து உடப்புசல்லாவை ஏறக்குறையப் பதினெட்டு மைல். பஸ் உண்டு. இரண்டு பஸ் மாற வேண்டும், இரண்டாவது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவசரமென்றால் ஸ்டேஷனுக்குச் சாமான் எடுக்க வரும் வேன்களைக் கேளுங்கள். மஜீது நானாவின் வேன் எனக்குக் கிடைத்தது. அவருக்கு உடப்புசல்லாவையில் பலசரக்குக் கடை. கருவாட்டு மூட்டைக்கும் மண்ணெண்ணெய் டின்னுக்கும் நடுவே இடம். இரண்டு ரூபாய்.

கந்தப்பளை தாண்டியதும் மூடுபனி இறங்கியது. வேனின் விளக்கு பனியில் பட்டுத் திரும்பி எங்கள் முகத்திலேயே விழுந்தது. பாதையின் ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் ஒன்றுமில்லை. நானா ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே கேட்டார்.

"தம்பி எந்தத் தோட்டத்துக்கு?"

சொன்னேன்.

"அந்தக் கொரங்குக்கு ஊசி போட்ட ஆளா நீங்க?"

"எப்படித் தெரியும் நானா?"

"என்ட கடைக்கு வராத கதையா? கிழட்டுக் கொரங்கக் குமரியாக்க ஊசி போட்டீங்களாம். இப்ப அது மாப்புள தேடி லயம் லயமா சுத்துதாம்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பொம்புளையள் பயந்து போய் ஈக்கிறாங்க தம்பி. கொரங்குக்குப் போட்டுப் பாத்துட்டு அடுத்தது வயசான கொழுந்துக்காரிகளுக்குப் போடப்போறாங்களாம். பென்சன் வயசே வராம வேல வாங்கலாமாம். நெசமா?"

இல்லை என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. இப்படி ஒரு மருந்து வேலை செய்தால் யார் யாரெல்லாம் அதை விரும்புவார்கள் என்று பேராதனையில் நாங்கள் பேசியதே இல்லை.

நானாவின் கடைக்குப் பின்னால் ஓர் அறை. இரவுக்கு ஒன்றரை ரூபாய், வெந்நீர் உட்பட. கம்பளி இரண்டு கேட்டு வாங்குங்கள். ஒன்று போதாது.

வியாழக்கிழமை காலை தோட்டத்துக்கு நடந்தேன். டவுனிலிருந்து இரண்டு மைல் ஏற்றம். பங்களாவின் பின்புறம் பழைய குதிரை லாயம். அதன் ஒரு பகுதியில் முன்பக்கம் கம்பி போட்டுப் பெஸ்ஸியின் கூண்டு. கதவுக்குப் பூட்டு இல்லை. வெளியே ஓர் இரும்புக் கொண்டி மட்டும். வளையத்தில் மாட்டி ஆணியைச் செருகினால் பெஸ்ஸியின் விரலுக்கு எட்டாது.

பெஸ்ஸியைப் பார்த்துக்கொள்வது பேச்சாயி. ஐம்பதைத் தாண்டியவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. லயத்தின் கோடியிலிருக்கும் தொங்கக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், தனியாக இருக்கிறார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவரைக் குரங்கு வேலைக்கு மாற்றிப் பதினைந்து வருஷம் இருக்கும். புரட்டாசியில் எனக்கு பால் இல்லாமல் இஞ்சி போட்ட தேநீர், அவர்கள் சொல்லும் சாயத்தண்ணி, கொடுத்தவர்.

"வாங்க தம்பி. பெஸ்ஸிக்கு மாப்புள கொண்டாந்தீங்களா?"

லயத்துப் பெண்கள் எல்லோரும் இதையே கேட்டார்கள். காரணம் கண்ணுக்கே தெரிந்தது. எப்போதோ நின்றுபோயிருந்த பருவ வீக்கம் பெஸ்ஸியின் பின்புறத்தில் இளஞ்சிவப்பாகத் திரும்பியிருந்தது. ஊசி உடம்பைத் தொட்டிருக்கிறது. புத்தியைத் தொட்டதா என்பதுதான் கேள்வி.

என்னைப் பார்த்ததும் பெஸ்ஸி கம்பியைப் பிடித்து உலுக்கியது. மேலுதடு ஏறி, பல் முழுவதும் தெரிந்தது. சிம்பன்சியின் கையைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். மனிதக் கைதான். அளவு மட்டும் தப்பாக இருக்கும். நான் பின்வாங்கினேன். நான் எதிரே நின்றால் சோதனை நடக்காது என்று புரிந்தது.

ஆகவே ஏற்பாட்டை மாற்றினேன். நான் பக்கத்துத் தீனி அறைக்குள், பலகைச் சுவருக்குப் பின்னால். பேச்சாயி கூண்டுக்கு முன்னால். அவர் பழத்தை வைத்து, சாக்குத் திரையை இழுத்துவிடுவார். கொஞ்ச நேரம் பொறுத்து நான் "இப்ப" என்பேன். திரையை விலக்குவார். பெஸ்ஸி காட்டும். கிண்ணத்தைத் தூக்காமலே "சரிங்க" அல்லது "தப்புங்க" என்று எனக்குச் சொல்ல வேண்டும். தூக்கினால் பெஸ்ஸி பார்த்துக் கற்றுக்கொண்டுவிடும்.

"சரிங்க."

"தப்புங்க."

"தப்புங்க."

இருட்டில் உட்கார்ந்து கேட்டேன். பாதிக்கு மேல் தப்பு. மூன்று மாதத்துக்கு முன் எல்லாம் தெரிந்த மிருகம். நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. என் ஊசி.

சோதனை முடிந்ததும் பேச்சாயி பெஸ்ஸிக்குத் தீனி கொடுக்கக் கூண்டுக்குள் போனார். இப்போது உள்ளே போவது சரியா என்று கேட்டேன்.

"என்னைய ஒன்னும் பண்ணாது தம்பி. நான் வளத்த புள்ள."

அவர் வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் பங்களாவுக்குக் கீழே உள்ள தேயிலை மலையிலிருந்து ஒரு பெண் குரல் கூவியது. தேயிலை நிரையில் நின்றபடி.

"பேச்சாயக்கோவ்! கொண்டி போட்டியா?"

பேச்சாயி திரும்பிக் கதவைப் பார்த்தார். கொண்டியை மாட்டினார். "போட்டாச்சுடி!" என்று கூவினார். கீழே சிரிப்பு. இன்னொரு குரல்: "போட்டாச்சுன்னு வாயிதான் சொல்லும், கை சொல்லணும்!" மறுபடி சிரிப்பு. கொழுந்துக்காரிகளின் கேலி என்று நினைத்தேன். குறிப்பில்கூட எழுதவில்லை.

அன்று தூங்கவில்லை. பெஸ்ஸி சாகப்போவது ஒரு பக்கம். பேச்சாயி அந்தக் கூண்டுக்குள் போவது மறுபக்கம். இத்தனையும் மறந்துவிட்ட மிருகம் நாளைக்கு அவரையும் மறந்தால்?

வெள்ளிக்கிழமை மூடுபனி ஏறவே இல்லை. பத்தடிக்கு அப்பால் தோட்டம் இல்லை. ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் மறுபடி அங்கே வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பெண்கள் அன்று ஆற்றுக்கு அப்பால் தூரத்து மலைக்குப் போயிருந்தார்கள். பங்களாவைச் சுற்றி ஒரு சத்தமும் இல்லை.

தீனி அறைப் பலகையில் கணு விழுந்த ஓட்டை ஒன்றைக் கண்டேன். ஒரு கண் அளவு. பெஸ்ஸி தடுமாறும்போது அதன் முகம் எப்படியிருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

பேச்சாயி இடது கிண்ணத்தின் அடியில் பழத்தை வைத்தார். திரையை இழுத்தார். நான் பொறுத்து, "இப்ப" என்றேன். திரை விலகியது. பெஸ்ஸியின் விரல் நேராக இடது கிண்ணத்துக்குப் போனது.

"தப்புங்க" என்றார் பேச்சாயி.

என் கண்ணை நம்பவில்லை. அடுத்த முறை நடுக் கிண்ணம். பெஸ்ஸி நடுவைக் காட்டியது. பேச்சாயி மூன்றையும் பார்த்தார். வலது கிண்ணத்தில் அவர் கண் நின்றது.

"தப்புங்க."

பெஸ்ஸி கம்பியை அறைந்தது. நடுக் கிண்ணத்தை மறுபடி காட்டியது. பேச்சாயி கிண்ணங்கள் வைத்த பலகையைத் தன் பக்கம் திருப்பி, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார். நடுவில் பழம் இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பொய் சொல்லி அகப்பட்டவரின் முகம் அல்ல அது. தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வேறு யாரோ குடியிருப்பதைக் கண்டவரின் முகம். பிறகு சட்டென்று பழத்தை மடியில் செருகிக்கொண்டார்.

பெஸ்ஸிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. மறந்தது அவர்.

நான் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் ஊசி கெடுக்கவில்லை. ஆனால் நேற்று நான் பயந்தது தப்பான பக்கம்.

கிண்ணங்கள் கழுவும் சத்தம். கூண்டுக்குள் தீனி வைக்கும் சத்தம். பிறகு பேச்சாயியின் காலடி லயத்துப் பக்கம் போய்ப் பனியில் கரைந்தது. நான் வெளியே வந்தேன். கொண்டி தொங்கிக்கொண்டிருந்தது.

கதவுக்கும் எனக்கும் ஆறடி. ஓடிப்போய் மாட்டியிருக்கலாம். அதற்குள் கதவு கொஞ்சம் திறந்தது. நின்றது. பிறகு ஒரு கை. பிறகு தோள்.

பெஸ்ஸி வெளியே வந்து என்னைப் பார்த்தது. அது தன் இடது மேற்கையை மறுகையால் பொத்திக்கொண்டது. ஊசி போட்ட இடம். அப்படியே என்னைத் தாண்டி, விரல் முட்டிகளை ஊன்றி, பேச்சாயி போன பாதையில் போனது. மாப்பிள்ளையும் தேடவில்லை, பைத்தியமும் இல்லை. வளர்த்தவர் பின்னால் போகிறது. மற்ற இரண்டு நாளும் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

தூரம் விட்டுப் பின்தொடர்ந்தேன். தேயிலைச் செடிகள் இடுப்பளவு. பனியில் அவை ஒவ்வொன்றும் குனிந்திருக்கும் ஆள்போலத் தெரிந்தன. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பேச்சாயி நின்றிருந்தார், கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு. அவர் காலடியில் பெஸ்ஸி உட்கார்ந்து கம்பளியின் நுனியைப் பிடித்திருந்தது.

"தம்பி" என்றார். "நம்ம லயம் எந்தப் பக்கம்?"

வலப்பக்கம் காட்டினேன். அங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். முப்பது வருஷமாக நடந்த பாதை.

அப்போதுதான் அவர் குனிந்து பார்த்தார். "அடியே, நீ எப்படி வெளிய வந்த?" என்று பெஸ்ஸியை அதட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளை. புரிந்துவிட்டது. அவசரமாக அதன் கையைப் பிடித்துத் திரும்ப நடத்திக்கொண்டு போனார். இருவரும் கூடவே நடந்தார்கள், சந்தைக்குப் போய்வருகிறவர்கள்போல. கூண்டுக்குள் விட்டதும் கொண்டியை நான் மாட்டினேன். ஆணியைச் செருகினேன்.

"தொரகிட்ட சொல்லிடாதீங்க தம்பி. பத்துச்சீட்டு குடுத்து வேலையவிட்டு அனுப்பிருவாங்க. தோட்டத்துல பேரு இல்லேன்னா காம்பரா இல்ல. நான் எங்க போவேன்? இந்தியாவுல எனக்கு யாரையும் தெரியாது. இந்த நாட்டுலயும் நான் ஆளுன்னு சொல்ல ஒரு காயிதம் கெடையாது."

பிறகு என் பையைப் பார்த்தார்.

"அந்த ஊசி மறதிக்குத்தான்னு சொல்றாங்களே. எனக்கும் ஒன்னு போடுங்களேன். ஒன்னே ஒன்னு."

பையில் ஊசிமருந்து இருந்தது. அது அவருக்குத் தெரியும்.

"அது எதையும் திருப்பிக் கொடுக்கும் என்று எங்களுக்கே தெரியாதம்மா" என்றேன். உண்மை. உண்மையாக இருந்து என்ன?

பொழுது சாயும்போது, கொழுந்தை எடை போட்டுவிட்டு ஒரு பெண் ஓடிவந்தாள். ராக்கு. பேச்சாயியின் அடுத்த காம்பராக்காரி. மூச்சு வாங்க முதலில் கதவைத்தான் பார்த்தாள்.

"கொண்டி போட்டிருக்கா ஐயா?"

அப்போதுதான் நேற்றைய கூவல் எனக்குக் கேட்டது.

"கண்டுபுடிச்சிட்டீங்க" என்றாள் என் முகத்தைப் பார்த்து. "ஆடி மாசத்துலேருந்து இப்படித்தான். மொதல்ல உப்ப மறந்துச்சு. அப்புறம் அடுப்ப. கிட்டத்து மலையில நிக்கிற அன்னைக்குக் கூவிக் கேட்டுருவோம். கங்காணி, கேலி பண்றோம்னு நெனச்சுக்கிட்டு அவரும் சேந்து சிரிப்பாரு. தூரத்து மலைக்குப் போற அன்னைக்கு யாரு கேக்குறது? பெஸ்ஸி வெளிய வந்த ரெண்டு நாளும் நாங்க ஆத்துக்கு அந்தாண்ட நின்னோம்."

"அது ஒருநாள் இவரையே கடித்தால்?"

"அது கடிக்காது. இவங்கதான் ஒருநாளு வழி தெரியாம பள்ளத்துல விழுவாங்க." நெற்றியில் கொழுந்துக் கூடைக் கயிற்றின் தழும்பைத் தேய்த்தாள். "நாளைக்குத் தொரகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

இதுதான் கணக்கு. பெஸ்ஸிக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்றால், கதவைத் திறந்தது யார் என்ற கேள்வி வரும். காம்பரா போகும். பெஸ்ஸிக்குப் பைத்தியம் என்றால் துப்பாக்கி. ராக்கு பதிலுக்குக் காத்திருந்தாள். கொண்டி துருப்பிடித்து நழுவுகிறது என்று சொல்லப்போகிறேன் என்றேன்.

"தொர என்ன பச்சப்புள்ளையா?" என்றாள். "ஆனா சொல்லிப் பாருங்க."

சனிக்கிழமை காலை பங்களா விறாந்தையில் தொரை உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், சிவந்த கழுத்து. மேசையில் தேநீர், பக்கத்தில் சாத்திவைத்த துப்பாக்கி. படிக்குக் கீழே பேச்சாயியை வரச் சொல்லியிருந்தார். கம்பளியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மழைத்தூறலில் நின்றார் அவர். கொஞ்சம் தள்ளி ராக்கு.

"அதற்குப் பைத்தியமா, இல்லையா?" தொரை ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. ஞாபகம் கூர்மையாக இருக்கிறது."

"உங்கள் மருந்தாலா?"

"தெரியாது. மருந்துக்கு முன்னாலும் அப்படித்தான் இருந்தது."

"அப்படியானால் கதவு?"

வாயைத் திறந்தேன். துரு என்ற சொல் தயாராக இருந்தது. அவர் கண் என் முகத்தில் நின்றது. அந்தக் கொண்டியை ஆவணியில்தான் ஆலையில் புதிதாக அடித்துப் போட்டதாக அவரே சொன்னார், நான் கேட்காமலே. கை துப்பாக்கிப் பக்கம் போனது. எடுக்கக்கூட இல்லை. தொட்டது, அவ்வளவுதான்.

"நான்தாங்க தொர."

பேச்சாயி. எங்கள் ஆங்கிலம் அவருக்குப் புரியாது. அந்தக் கை போனது புரிந்தது.

"என்ன சொல்லுது பேச்சாயி?" தொரைக்குத் தோட்டத் தமிழ் வரும்.

"கொண்டி போடாம வந்தது நான்தாங்க. ரெண்டு தடவையும். நேத்தும். எனக்கு ஞாபகம் நிக்கிறதில்ல. பெஸ்ஸி மேல தப்பு இல்ல. அத ஒன்னும் செஞ்சிராதீங்க."

தொரை தேநீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். பிறகு பங்களா வேலைக்காரப் பையனைக் கூப்பிட்டுத் துப்பாக்கியை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். பெஸ்ஸிக்குத் திங்கட்கிழமை முதல் வேறு ஆள் என்றார். தான் பார்த்துக்கொள்வதாக ராக்கு கையைத் தூக்கினாள். பேச்சாயியின் பேர் மாசக் கடைசியோடு வெட்டப்படும். காம்பராவைக் காலி செய்ய வேண்டும். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கவாத்து எந்த மலையில் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

இறங்கி வரும்போது ராக்கு பேச்சாயியின் தலையில் கம்பளியைப் போட்டுவிட்டாள். "எங்க காம்பராவுல எட்டுப் பேரு. இதோட ஒம்பது. காலு நீட்டத்தான் எடமிருக்காது. ஏன் அக்கா, குறட்ட விடுவியா?"

"விட்டா என்னடி பண்ணுவ?"

"ஒன்னைய பெஸ்ஸிகூடப் படுக்கப்போட்டுருவேன்."

பேச்சாயி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் எவ்வளவு பெரியதைக் கொடுத்தார் என்று எனக்குத்தான் தெரியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராக்கு திங்கள் வரை காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கூண்டை வந்து பார்த்துக்கொண்டாள். நான் கிண்ணங்களை எடுக்கப் போனபோது கம்பிக்கு வெளியே நின்று ரொட்டி நீட்டிக்கொண்டிருந்தாள். பெஸ்ஸி வாங்கவில்லை. பனிக்குள்ளிருந்து பேச்சாயி வந்தார், வழக்கம்போல மடியில் பழத்தோடு. ராக்குவைக் கண்டதும் நின்றார்.

"நீ ஏண்டி இங்க நிக்கிற? கொழுந்துக்குப் போகல?"

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம அக்கா. இனிமே நான்தான் பெஸ்ஸிய பாத்துக்கிறேன். தொர சொன்னாருல்ல."

"தொரயா? ஏன்? நான் என்ன செஞ்சேன்?" அவர் முகம் வெளுத்தது. "யாரு போயி என்ன சொன்னா?"

"நீதான் அக்கா சொன்ன. நேத்து."

"நானா? நான் ஏன் சொல்லப்போறேன்? எனக்குக் காம்பரா வேணாமா?" சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டார். முந்தின நாள் பயம் முழுவதும் புதிதாக அந்தக் கண்ணில் இருந்தது. "இந்தத் தம்பிதான் சொல்லியிருக்கும். ஊசி போட வந்தவரு. கெஞ்சினேனே தம்பி, சொல்லாதீங்கன்னு கெஞ்சினேனே!"

அது மட்டும் ஞாபகம் இருந்தது. பயந்தது ஞாபகத்தில் நின்றுவிட்டது, தைரியமாக நின்றது போய்விட்டது.

இனி ஒவ்வொரு காலையும் இப்படித்தான் இருக்கும் என்று புரிந்தது. தானே தன்னைக் காட்டிக்கொடுத்ததாக ஒவ்வொரு காலையும் கேட்பதைவிட வேறொருவனைத் திட்டுவது சுலபமாக இருக்கும் என்று தோன்றியது.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்."

பேச்சாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெஸ்ஸி அவர் விரல்களை உள்ளிருந்து பிடித்துக்கொண்டது.

ராக்கு என்னைத் தேயிலைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். தள்ளித்தான். கை வைத்து.

"எதுக்கு ஐயா பொய் சொன்னீங்க?"

"அவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று."

"சுலபமா? யாரோ கோள் மூட்டித் தொறத்திட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டா மிச்ச காலத்த ஓட்டணும்? அக்கா கடைசியா செஞ்ச பெரிய காரியம் அது ஒன்னுதான். அதையும் புடுங்கிட்டுப் போறீங்களா?"

திரும்பிப் போனேன். பேச்சாயிக்கு எதிரே நின்று, நேற்று நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். துப்பாக்கி எங்கே இருந்தது, தூறல், அவர் எந்தப் படிக்குக் கீழே நின்றார், சொன்ன வார்த்தைகள். நம்பவில்லை. மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை பாதியில், "நானா அப்படிச் சொன்னேன்?" என்றார். "தொர முன்னாலயா?" குரல் மாறியிருந்தது. பயம் போகவில்லை. அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து நின்றது.

பத்து மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: உடப்புசல்லாவைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பனி அதிகம், படம் எடுக்கப் போகிறவர்கள் மாசிக்குப் பிறகு போங்கள். நுவரெலியாவிலிருந்து பஸ் எழுபத்தைந்து சதம். கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம். அட்டைக்கு உப்பும் எலுமிச்சையும் எடுத்துப்போங்கள். தங்க மஜீது நானாவின் அறை போதும். பெஸ்ஸியைப் பார்க்கப் பங்களாவில் அனுமதி கேட்டால் கொடுப்பார்கள். கம்பிக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்காதீர்கள். ஊசியைப் பற்றி எனக்கு எழுதிக் கேட்க வேண்டாம். அது நிறுத்தப்பட்டுவிட்டது. அதனால் என்ன ஆனதென்று எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. காலையில் போனீர்களென்றால் கூண்டுப் பக்கம் மடியில் பழத்தோடு ஓர் அம்மா வருவார். தன்னைப் பற்றித் தொரையிடம் யார் சொன்னது என்று உங்களைக் கேட்பார். வெளியூர் ஆள் என்று ஒதுங்கிவிடாதீர்கள். "நீங்களேதான் சொன்னீர்கள் அம்மா" என்று சொல்லுங்கள். நம்பமாட்டார். மறுபடி சொல்லுங்கள்.